'வேண்டாம்' என்று நினைத்து 'மஸ்ட் நாட்' என்று எழுதினேன்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். நாங்கள் செய்து கொடுத்திருந்த மென்பொருளுக்கு ஒரு அப்டேட் போக இருந்தது. அதற்கு முன்னால் வாடிக்கையாளர் தரப்பில் என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று ஒரு மெயில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. அப்டேட் ஓட ஆரம்பித்ததும் அதுவே ஒரு பேக்கப், அதாவது டேட்டாவின் ஒரு பாதுகாப்பு நகல், எடுத்துக்கொள்ளும், அதனால் அவர்கள் தனியாக மெனக்கெட்டு எடுக்க வேண்டாம். நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். மனதுக்குள் 'பேக்கப் எடுக்க வேண்டாம்' என்று தமிழில் ஓடியது, கை 'யூ மஸ்ட் நாட் டேக் பேக்கப்ஸ் பிஃபோர் தி அப்டேட்' என்று அடித்தது. வேண்டும் என்றால் மஸ்ட், அப்படியென்றால் வேண்டாம் என்றால் மஸ்ட் நாட், கணக்கு சரியாகத்தானே வருகிறது?

ஏதோ காரணத்தால் அப்டேட் இரண்டு வாரம் தள்ளிப்போனது. தேதி குறிக்க ஒரு கால் வைத்தோம், அதில் அந்தப் பக்கத்து சர்வர் அட்மின் ரொம்பப் பணிவாக ஒரு கேள்வி கேட்டார். 'நீங்கள் சொன்னபடி தினசரி ராத்திரி பேக்கப்பை நிறுத்தி வைத்திருக்கிறோம், இரண்டு வாரம் ஆகிவிட்டது, இப்போது மறுபடி போட்டுக்கொள்ளலாமா? பேக்கப் எடுத்தால் டேட்டாபேஸில் என்ன சிக்கல் வரும் என்று தெரிந்தால் எங்களுக்கும் உதவியாக இருக்கும்.' எங்கள் பக்கம் சத்தமே இல்லை. என் டீம் லீட் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, 'நீ அந்த மெயிலில் என்னப்பா எழுதின?' என்றார்.

நல்லவேளை, அந்த இரண்டு வாரத்தில் அவர்கள் சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இதை இப்படிச் சிரித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மஸ்ட் நாட் என்றால் 'கூடாது'. 'தேவையில்லை' என்று சொல்ல டோன்ட் ஹேவ் டு இருக்கிறது, டோன்ட் நீட் டு இருக்கிறது, கொஞ்சம் பழைய வாசனையோடு நீட் நாட்டும் இருக்கிறது. மஸ்ட், ஹேவ் டு இரண்டும் நேராக நிற்கும்போது அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன, 'நாட்' சேர்ந்ததும் ஒன்று வடக்கே போகிறது, ஒன்று தெற்கே போகிறது. இது இலக்கணப் புத்தகத்தில் இருந்த விஷயம்தான், நானும் படித்துப் பரீட்சை எழுதி மார்க் வாங்கியவன்தான். அப்புறம் ஏன் கை தவறியது என்று பல நாள் யோசித்தேன். தப்பு ஆங்கிலத்தில் இல்லை, என் 'வேண்டாம்' என்ற சொல்லில் இருந்தது என்று மெல்லத்தான் புரிந்தது.

'உள்ளே போக வேண்டாம், தரை ஈரமாக இருக்கிறது.' இதில் வேண்டாம் என்பது தடுப்பது, கொஞ்சம் மென்மையாகச் சொல்லப்பட்ட 'போகாதே'. 'நீங்கள் வர வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்.' இங்கே அதே வேண்டாம், வந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது, வரத் தேவையில்லை என்று சிரமத்தைக் குறைக்கிறது. நமக்குக் குரலும் இடமும் பார்த்து எது என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த இரண்டையும் ஒரே சட்டையில் அனுப்ப முடியாது. அன்றிலிருந்து ஆங்கிலத்தில் எதிர்மறையாக எதை எழுதினாலும், முதலில் அதைத் தமிழிலேயே இன்னொரு தமிழாக மாற்றிப் பார்க்கிறேன். அந்த 'வேண்டாம்' இருந்த இடத்தில் 'கூடாது' போட்டால் நிற்கிறதா, 'தேவையில்லை' போட்டால் நிற்கிறதா? கூடாது என்றால் மஸ்ட் நாட், இல்லை நேராக டூ நாட். தேவையில்லை என்றால் டோன்ட் நீட் டு. ஒரு வினாடி வேலை. இதுவரை என்னைக் கைவிடவில்லை.

'வேண்டும்' பக்கம் வந்தால் கதை இன்னும் பெரிது. அது ஒரு பெரிய குடை. 'எனக்கு ஒரு பேனா வேண்டும்' என்பது ஆசை, 'வரி கட்ட வேண்டும்' என்பது சட்டம், 'பெரியவர்களை மதிக்க வேண்டும்' என்பது அறிவுரை, 'இந்நேரம் அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்' என்பது ஊகம். இந்த நாலுக்கும் ஆங்கிலத்தில் நாலு தனித்தனிச் சொல், அதில் கடைசியைத் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பின்னால் வருகிறேன். வேண்டும் என்ற சொல்லே வேண்டுதல், விரும்புதல் என்பதிலிருந்து வந்தது. ஆங்கிலத்துக்காரர்களின் ஆட் டு (ought to), 'ஓ' (owe) என்ற கடன்படுவதைக் குறிக்கும் வினையின் பழைய இறந்தகால வடிவம். ஷால் என்பதற்கும் மிகப் பழைய ஆங்கிலத்தில் கடன்பட்டிருத்தல் என்ற பொருள் இருந்தது, ஷுட் அதன் இறந்தகாலம். அதாவது நாம் ஆசையிலிருந்து கடமைக்கு வந்திருக்கிறோம், அவர்கள் கடனிலிருந்து வந்திருக்கிறார்கள். இதை முதலில் படித்தபோது ஒரு நாள் முழுக்க இதையே அசைபோட்டுக்கொண்டிருந்தேன், வேலைக்கு நேரடியாக உதவாது, இருந்தாலும் சொல்லாமல் போக மனமில்லை.

உண்மையில் கொஞ்சம் உதவுகிறது. மஸ்ட் என்பதும் ஒரு பழைய இறந்தகால வடிவம்தான், அதனால்தான் அதற்கு மேல் அதற்கு ஓர் இறந்தகாலம் கிடையாது. நேற்று செய்ய வேண்டியிருந்தது என்றால் ஹேட் டு, நாளை செய்ய வேண்டியிருக்கும் என்றால் வில் ஹேவ் டு, செய்ய வேண்டி வரலாம் என்றால் மே ஹேவ் டு. வில் மஸ்ட் என்று ஒன்று கிடையாது. டோன்ட் மஸ்ட்டும் கிடையாது. ஆரம்ப காலத்தில் நான் 'மஸ்ட் டு கோ' என்றும் எழுதிக்கொண்டிருந்தேன், ஹேவ் டுவிலும் ஆட் டுவிலும் இருக்கிற அந்த 'டு' கை தவறி மஸ்டிலும் ஒட்டிக்கொண்டது. இதெல்லாம் நாலு தடவை எழுதினால் சரியாகிவிடுகிற பிழைகள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், பொருளும் மாறாது, இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். (இது எந்த வேண்டாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

மஸ்டுக்கும் ஹேவ் டுவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் புத்தகங்கள் ஒரு கோடு போடும். பேசுகிறவர் தானாக உணர்கிற கட்டாயம் மஸ்ட், வெளியிலிருந்து வருகிற கட்டாயம் ஹேவ் டு. தமிழில் இது 'போகணும்', 'போக வேண்டியிருக்கு' என்ற இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் மாதிரி. 'அவளிடம் பேசணும்' என்பதில் என் மனசு இருக்கிறது, 'அவளிடம் பேச வேண்டியிருக்கு' என்பதில் ஒரு பெருமூச்சு இருக்கிறது. கோடு பொய்யில்லை, ஆனால் புத்தகங்கள் அதை ரொம்ப அழுத்திப் போடுகின்றன என்பது என் அபிப்பிராயம். ஆங்கிலத்தைப் பிறந்ததிலிருந்து பேசுகிறவர்கள் நேர்வாக்கியத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், யாரும் கவனிப்பதுகூட இல்லை. கவனிக்க வேண்டிய இடம் வேறு. 'யூ மஸ்ட்' என்று ஆள் பெயரைப் பிடித்துச் சொல்லும்போது, கட்டளையிடுகிறவர் நான் ஆகிவிடுகிறேன். 'யூ ஹேவ் டு' என்றால் விதி எங்கேயோ வெளியில் இருக்கிறது, நான் தகவல் சொல்கிற ஆள். என்னைவிட இருபது வருடம் அனுபவம் கூடியவருக்கு 'யூ மஸ்ட் சென்ட் இட் டுடே' என்று எழுதும் தைரியம் எனக்கு இருந்ததற்குக் காரணம் எனக்கு அது தைரியம் என்றே தெரியாததுதான்.

1961-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துகளைத் திரட்டிய தொகுப்புகளையும் அதே முறையில் 1991, 1992-ல் வெளியானவற்றைத் திரட்டிய தொகுப்புகளையும் மொழியியலாளர்கள் ஒப்பிட்டார்கள். அந்த முப்பது வருடத்தில் மஸ்ட் நன்றாகவே குறைந்திருக்கிறது, நீட் டு ஏறியிருக்கிறது. ஒருவரை ஒருவர் அதட்டுகிற தொனி பலருக்கும் பிடிக்காமல் போனதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது எளிமையானது. மெயிலிலும் பேச்சிலும் கைக்கு முதலில் வர வேண்டியது நீட் டு, ஹேவ் டு. மஸ்ட் விதிப் பட்டியலுக்கும் பாதுகாப்பு எச்சரிக்கைக்கும். ஆனால் 'யூ மஸ்ட் கம் ஹோம் சம்டைம்', 'யூ மஸ்ட் ரீட் திஸ்' என்று வாஞ்சையாகச் சொல்லும் மஸ்ட் ஒன்று இருக்கிறது, அது 'கட்டாயம் வரணும்' என்று நாம் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வோமே, அதே மாதிரி. அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு எந்தத் தேதியில் வரட்டும் என்று நான் ஒருவரிடம் திரும்பக் கேட்டிருக்கிறேன். அவர் பாவம்.

பேக்கப்புக்கு அடுத்தபடியாக என்னை நெளிய வைத்தது ஹேட் பெட்டர். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபோது அதற்கு நேராக 'செய்வது நல்லது' என்று எழுதிப் போட்டார்கள். பெட்டர் என்ற சொல் உள்ளே இருக்கிறது, நல்லது என்று அர்த்தம் வேறு, இதைவிடப் பணிவாக என்ன இருக்க முடியும் என்று அதை மரியாதைச் சொல்லாகவே பத்திரமாக வைத்திருந்தேன். வாடிக்கையாளர் தரப்பு மேலாளர் ஒருவரிடமிருந்து சில லாக் ஃபைல்கள், அதாவது மென்பொருள் தான் செய்ததையெல்லாம் குறித்து வைக்கும் பதிவுகள், வர வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் நல்லது என்று தாழ்மையாகச் சொல்ல நினைத்து 'யூ ஹேட் பெட்டர் சென்ட் தி லாக்ஸ் பை ஃப்ரைடே' என்று எழுதினேன். பதில் ஒரே வரி. 'இஸ் தேர் எ ப்ராப்ளம் ஐ ஷுட் நோ அபவுட்?'

அந்தப் பதிலில் இருந்த குளிர்ச்சியைக்கூட நான் உடனே உணரவில்லை, லீட் தலையில் கை வைத்தபோதுதான் உறைத்தது. ஹேட் பெட்டருக்குப் பின்னால் சொல்லாமல் விட்ட ஒரு 'இல்லாவிட்டால்' எப்போதும் நிற்கிறது. 'ஒழுங்கா வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடு' என்பதுதான் அவர் காதில் விழுந்தது. தனக்குத் தானே சொல்லிக்கொள்ளலாம், 'ஐ ஹேட் பெட்டர் லீவ் நவ்', நேரமாச்சு, கிளம்புறேன். நெருங்கிய நண்பனிடம் குடையை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லலாம். மேலே இருப்பவரிடமும் பணம் கொடுப்பவரிடமும் கூடவே கூடாது.

சரி, அப்போ எப்படி எழுதுவது? லீட் அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரியைத் திருத்தியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. முதலில் 'யூ'வை அழித்தார். 'வீ நீட் தி லாக்ஸ் பை ஃப்ரைடே' என்று போட்டார், அப்புறம் கொஞ்சம் யோசித்து 'டு ஃபினிஷ் தி அனாலிசிஸ் பிஃபோர் யுவர் ரிலீஸ்' என்று சேர்த்தார், முன்னால் 'குட் யூ சென்ட் தெம் ஓவர்?' என்று ஒரு கேள்வியை வைத்தார். கட்டாயம் அப்படியே இருக்கிறது, வெள்ளிக்கிழமையும் அப்படியே இருக்கிறது. ஆனால் கட்டாயத்தை ஆளின் தலையில் வைக்காமல் வேலையின் தலையில் வைத்துவிட்டார். நாமும் இதைச் செய்கிறோமே, 'நீங்க அனுப்பணும்' என்று சொல்லாமல் 'அது வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துட்டா எங்களுக்கு வேலை முடிஞ்சிரும்' என்கிறோம். தமிழில் தெரிந்த நாசூக்கை ஆங்கிலம் எழுத உட்காரும்போது ஏன் கழற்றி வைத்துவிடுகிறோம் என்று தெரியவில்லை.

இதன் மறுபக்கம், ஆங்கிலத்துக்காரர்கள் நாசூக்காகச் சொல்வது நமக்குக் கட்டாயமாகக் கேட்பதில்லை. என் வேலையைச் சரிபார்த்த ஒருவர் 'யூ மைட் வான்ட் டு லுக் அட் லைன் ஃபார்ட்டி' என்று எழுதியிருந்தார். நான் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டேன். ஒருவேளை பார்க்க விரும்பலாமாம். விரும்பவில்லை, விட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்து அதே வரியில்தான் பிரச்சினை வந்தது. 'நான் சொன்னேனே' என்றார் அவர். அவர் சொன்னார்தான். மைட் வான்ட் டு, வில் வான்ட் டு, இட் வுட் பி குட் டு எல்லாம் வேலை இடத்தில் வந்தால் பெரும்பாலும் 'இதைச் சரி செய்' என்றே படித்துக்கொள்ளுங்கள், சந்தேகம் இருந்தால் இதைச் சரிசெய்த பிறகுதான் மேலே போக முடியுமா என்று நேராகக் கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஷுட் விஷயத்தில் ஆவணம் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனி உலகமே இருக்கிறது. இணையத் தொழில்நுட்பத் தரநிலைகளை எழுதுகிறவர்கள் 1997 மார்ச்சில் ஆர்எஃப்சி 2119 என்று ஒரு சின்ன ஆவணம் வெளியிட்டார்கள், மஸ்ட், ஷுட், மே ஆகியவற்றுக்கு என்ன பொருள் என்று வரையறுப்பதற்காகவே. மஸ்ட் என்றால் முழுக் கட்டாயம். ஷுட் என்றால் தகுந்த காரணம் இருந்தால் மீறலாம், ஆனால் விளைவை முழுதாகப் புரிந்துகொண்டு மீற வேண்டும். மே என்றால் உன் இஷ்டம். 2017-ல் ஆர்எஃப்சி 8174 வந்து, பெரிய எழுத்துகளில் எழுதினால்தான் இந்தச் சிறப்புப் பொருள், சின்ன எழுத்தில் வந்தால் சாதாரண ஆங்கிலம்தான் என்று தெளிவுபடுத்தியது, அந்த அளவுக்குக் குழப்பம் நடந்திருக்கிறது பாருங்கள். பிரிட்டனின் சாலை விதிக் கையேடான ஹைவே கோடிலும் இதே ஏற்பாடுதான், மஸ்ட் என்று வந்தால் சட்டம், மீறினால் குற்றம், ஷுட் என்று வந்தால் மீறியதற்காக மட்டும் வழக்குப் போட மாட்டார்கள், ஆனால் விபத்து என்று நீதிமன்றம் போனால் அதை உங்களுக்கு எதிராகக் காட்டலாம். ஐஎஸ்ஓ தரநிலைகளில் கட்டாயத்துக்கு ஷால், பரிந்துரைக்கு ஷுட். அமெரிக்க அரசின் எளிய மொழி வழிகாட்டியோ ஷாலை விட்டுவிடு, மஸ்ட் என்று எழுது என்கிறது.

இதெல்லாம் தெரியாத காலத்தில் நான் ஒரு நிறுவல் குறிப்பில் 'யூ ஷுட் இன்ஸ்டால் தி டிரைவர் ஃபர்ஸ்ட்' என்று எழுதியிருந்தேன். டிரைவர் என்ற அந்தத் துணை மென்பொருளை முதலில் போடாவிட்டால் எதுவுமே ஓடாது. படித்தவர்களில் பாதிப் பேர் அதைப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு ஒருவர், 'ஷுட் என்றுதானே இருந்தது' என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பணிவாக இருக்கட்டும் என்று நினைத்து நான் கட்டாயத்தை அறிவுரையாக இறக்கியிருந்தேன். மெயிலில் ஆளிடம் பேசும்போது எது மரியாதையோ, அது நிறுவல் குறிப்பில் குழப்பம். அங்கே படிக்கிறவருக்கு மரியாதை வேண்டாம், எதைத் தாண்டலாம், எதைத் தாண்டக் கூடாது என்று தெரிந்தால் போதும். இப்போது ஒவ்வொரு ஷுட் எழுதும்போதும் 'செய்யாவிட்டால் என்ன ஆகும்?' என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்றும் ஆகாது என்றால் அந்த வரியே எதற்கு என்று பார்ப்பேன், கொஞ்சம் சிரமம் என்றால் ஷுட், உடைந்துவிடும் என்றால் மஸ்ட் போட்டுக் கூடவே என்ன உடையும் என்றும் எழுதிவிடுவேன்.

இனி அந்த நாலாவது வேண்டும். 'ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஜாப் ஓடியிருக்க வேண்டும்.' (ஜாப் என்பது குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கணினி வேலை.) இதற்கு இரண்டு அர்த்தம். ஓடியிருக்கும் என்று நிச்சயமாக நினைக்கிறேன் என்பது ஒன்று, ஓடவேண்டியது ஓடவில்லை என்பது இன்னொன்று. நான் பிழை அறிக்கையில் 'தி ஜாப் மஸ்ட் ஹேவ் ரன் அட் டூ ஏஎம்' என்று எழுதினேன், ஓடவில்லை என்று முறையிடுவதாக நினைத்துக்கொண்டு. படித்த டெவலப்பர், ஜாப் இரண்டு மணிக்கு ஓடியிருக்கிறது என்று நானே ஊகித்துச் சொல்வதாக எடுத்துக்கொண்டு, அப்படியானால் பிரச்சினை இல்லையே என்று டிக்கெட்டை, அதாவது அந்தப் புகார்ப் பதிவை, மூடிவிட்டார். நான் மறுபடி திறந்தேன். அவர் மறுபடி மூடினார். மூன்றாவது தடவை போனில் பேசினோம். மஸ்ட் ஹேவ் என்றால் நடந்திருக்கும் என்ற ஊகம் மட்டும். நடக்க வேண்டியது நடக்கவில்லை என்றால் ஷுட் ஹேவ். ஓடியிருக்காது என்று அடித்துச் சொல்ல கான்ட் ஹேவ்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, ஹேட் டு என்றால் செய்து முடித்தாகிவிட்டது. 'வீ ஹேட் டு ரீஸ்டார்ட் தி சர்வர்' என்று எழுதினால் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். தமிழில் 'பண்ண வேண்டியிருந்துச்சு, ஆனா பண்ணலை' என்று சாதாரணமாக இழுக்கலாம். ஆங்கிலத்தில் பண்ணாததற்கு வர் சப்போஸ்ட் டு. அதிலும் ஒரு முள் இருக்கிறது. 'ஐ வாஸ் சப்போஸ்ட் டு' என்று நம்மைச் சொல்லிக்கொண்டால் மன்னிப்பு மாதிரி இருக்கும், 'யூ வர் சப்போஸ்ட் டு' என்று எதிராளியைச் சொன்னால் விரல் நீட்டிக் குற்றம் சாட்டுவது மாதிரி ஆகிவிடும். நான் அதை எழுதிவிட்டு அனுப்பும் முன் அழித்த தடவைகள் அதிகம், அழிக்காமல் அனுப்பிய ஒன்றிரண்டுக்குப் பதிலும் அதே சூட்டோடு வந்தது.

போன மாதம் எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த தம்பி ஒரு மெயில் வரைவைக் காட்டினான். வாடிக்கையாளருக்கு, நாங்களே பிரச்சினையைச் சரி செய்துவிட்டோம் என்று சொல்லும் மெயில். கடைசி வரி 'யூ மஸ்ட் நாட் டூ எனிதிங்'. நான் ஒன்றும் சொல்லாமல், 'இதைத் தமிழில் எனக்குச் சொல்லு' என்றேன். 'நீங்க எதுவும் பண்ண வேண்டாம்' என்றான். 'வேண்டாம் என்கிற சொல் இல்லாமல் சொல்லு.' கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். 'எதுவும் பண்ணத் தேவையில்லை', என்று ஆரம்பித்தவன் பாதியிலேயே நிறுத்திவிட்டு, மஸ்ட் நாட்டை அழிக்க ஆரம்பித்தான். அழித்துக்கொண்டே, 'அண்ணா, போன வாரம் இதே மாதிரி ஒண்ணு அனுப்பிட்டேன்' என்றான்.